பிள்ளைகளோடு மலைவழி நடப்போம்

கடந்த சில ஆண்டுகளாக அனலைதீவு மக்களிடையே ஒரு வழக்கம் வளர்ந்து வருகின்றது. ஊரில் மீளக் குடியேறியோரும், இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தங்கிவிட்டோரும், பாடசாலை விடுமுறை வந்தால் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து வான் பிடித்து மலைநாடு போகின்றார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து நின்றால் பயணம் இன்னும் பெரிதாகின்றது. கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா என்று மூன்று நாளில் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு, மரக்கறி மூட்டையோடு திரும்பி வருகின்றார்கள். இதிற் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெயிலில் உழைக்கும் குடும்பத்துக்கு ஓய்வும் குளிர்ச்சியும் வேண்டியவையே. ஆயினும் அந்த மூன்று நாளையும் அதே பணத்தையும் வேறு விதமாகச் செலவிடலாம் என்பது எமது கருத்து. வானை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அந்த இடத்து வழிகாட்டி ஒருவரோடு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு காட்டுவழியே நடக்க வேண்டும் என்கின்றோம்.

இப்படிச் சொன்னவுடன் எம்மவர் கேட்கும் கேள்வி எமக்குத் தெரியும். "நாங்கள் நடந்தது போதாதோ? இனிக் காசு குடுத்தும் நடக்கவேணுமோ?"

இது நியாயமான கேள்வி. தீவகத்தை விட்டு 1990களின் தொடக்கத்தில் வள்ளமேறி வந்தவர்கள் நாம். வலிகாமத்தில் ஒருவாறு வேர்விடத் தொடங்கிய வேளையில், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில் இலட்சக்கணக்கானோரோடு தென்மராட்சி நோக்கி நடந்தோம். வன்னிக்குப் போனவர்கள் அங்கும் காடு வெட்டி, கிணறு தோண்டி, பயிர் செய்தார்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை அவற்றையும் விட்டு விட்டு நடந்தார்கள். எமது பிள்ளைகளுக்கு நடை என்றால் அப்பாவும் அம்மம்மாவும் சொல்லும் அந்தக் கதைதான். பையைத் தூக்கினால் அது ஓட்டத்துக்கான பை. காட்டுக்குள் இறங்கினால் அது ஒளிப்பதற்கான காடு. இந்த நினைவோடு வளரும் பிள்ளைக்கு, தாயும் தகப்பனும் விரும்பி நடப்பதை ஒரு முறையாவது காட்டிவிட வேண்டும் என்பதே எமது முதலாவது நியாயம்.

விரும்பி நடப்பது எமது மக்களுக்குப் புதியதும் அல்ல. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குக் குடும்பமாக நடந்தும் மாட்டு வண்டியிலும் போன பரம்பரை இன்னும் மறையவில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக உகந்தை சென்று, குமண, யால காடுகளுக்குள் நாட்கணக்கில் நடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரை இன்றும் நடைபெறுகின்றது. அதிற் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் உண்டு. எழுபது வயதுக் கிழவிகளும் உண்டு. சேர்ந்து நடப்பவர்கள் சேர்ந்து சமைக்கின்றார்கள், பின்தங்குபவருக்காகக் காத்திருக்கின்றார்கள். இந்தப் பழக்கத்தையே மலைநாட்டுக்கும் கொண்டு போகும்படி கேட்கின்றோம்.

மலை எமக்குச் சொல்லித்தந்தவை

2024 ஆகஸ்ட் விடுமுறையில் எம்மில் ஐந்து குடும்பத்தினர் மாத்தளைப் பக்கமாக நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் சென்று மூன்று நாட்கள் நடந்து வந்தோம். மடக்கிய கையின் விரல்முட்டுக்களைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. சிங்கள மக்கள் அதைத் தும்பறை மலை என்பார்கள். ஆக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர் உயரம். ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து இந்த மலைத்தொடரை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இது பாதுகாக்கப்பட்ட வனம். நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் போகவும் கூடாது. மூடுபனி இறங்கினால் பத்து முழத்துக்கு அப்பால் நிற்பவரைத் தெரியாது.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறி, றிவஸ்டன் கணவாயில் இறங்கினோம். அங்கே வீசும் காற்று, சோளகக் காலத்தில் எமது இறங்குதுறையில் வீசும் காற்றை நினைவூட்டியது. ஆனால் இது குளிர்ந்த காற்று. பிட்டவெல பத்தனைப் புல்வெளியைக் கடந்து இலுக்கும்புற நோக்கி இறங்கினோம். வேகமாக நடந்தவர்களை வழிகாட்டி கண்டித்தார். கூட்டத்தில் ஆக மெதுவாக நடப்பவரே முன்னுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆகவே எழுபது வயது ஆச்சி ஒருவர் முன்னுக்கு நடக்க, பத்து வயதுப் பெடியன்கள் அவருக்குப் பின்னால் அடங்கி நடந்தார்கள். ஓடிப் போன காலத்தில் எங்களால் இப்படி நடக்க முடியவில்லை. முந்தினவர் பிழைத்தார், பிந்தினவர் தவறிப்போனார். மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லாருடைய வேகமும் என்பதை எமது பிள்ளைகள் கால்களால் கற்றுக்கொண்டார்கள்.

அட்டைக்கடியைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. காலுறையை உயர்த்திக் கட்டி, சவர்க்காரமோ உப்போ பூசிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். ஏறினாலும் பிடுங்கி எறிந்துவிட்டு நடக்கலாம்.

விவசாயிகளாகிய எமக்கு அந்த மலையில் அதிசயம் தண்ணீர்தான். அனலைதீவில் மாரி மழையை நம்பிப் பயிர் செய்து, கோடையில் உவர்க்கும் கிணற்றோடு மல்லுக்கட்டியவர்கள் நாம். ஒரு பட்டை தண்ணீரைக்கூட வீணாக்காமல் புகையிலைக் கன்றுக்கு இறைத்தவர்களின் பிள்ளைகள், பாதையோரப் பாறை ஒவ்வொன்றிலும் நீர் ஒழுகுவதைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். அந்த ஒழுக்குகள் ஓடையாகி, அம்பன் கங்கையாகி, மகாவலியோடு கலந்து, திருகோணமலையிற் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கின்றன. காட்டை வெட்டினால் மலையிலும் தண்ணீர் இல்லை, சமவெளி வயலிலும் தண்ணீர் இல்லை என்பதை அங்கு யாரும் விரிவுரையாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

பனையை நம்பி வாழ்ந்த எமக்குக் கித்துள் மரமும் அந்நியமாகப் படவில்லை. நாங்கள் பனம்பாளையைச் சீவிக் கருப்பணி எடுத்துப் பனங்கட்டி காய்ச்சுவதைப் போலவே, அந்த ஊரவர் கித்துள் பாளையைச் சீவிப் பாணி காய்ச்சுகின்றார்கள். மொழி சரியாக விளங்காவிட்டாலும், பாளை சீவும் கத்தியைப் பற்றி எமது பெரியவர் ஒருவரும் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரும் அரைமணி நேரம் கதைத்தார்கள்.

எமது வழிகாட்டி லக்கலப் பகுதியைச் சேர்ந்த சிங்கள விவசாயி. ஆச்சியை "அம்மே" என்றே கூப்பிட்டார். இரண்டாம் நாள் மாலை, தொலைவில் தெரிந்த நீர்த்தேக்கத்தைக் காட்டி, தமது பழைய வீடு அதற்குள் இருக்கின்றது என்றார். மொறகஹகந்த, களுகங்கைத் திட்டத்துக்காகப் பழைய லக்கல பல்லேகம நகரம் நீரில் மூழ்கியது. அங்கிருந்தவர்கள் புதிய நகருக்கும் புதிய காணிகளுக்கும் மாற்றப்பட்டார்கள். அவர்களுக்கு மாற்றுக் காணி கிடைத்தது. எம்மிற் பலருக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு இடப்பெயர்வும் ஒன்றென நாம் சொல்லவில்லை. ஆனால், "முற்றத்து மாமரம் கடைசியாகத்தான் மூழ்கினது" என்று அவர் சொன்னபோது எம்மிற் பலர் தலை குனிந்து இருந்தார்கள். வானில் ஏறிச் சுற்றியிருந்தால் இந்தப் பேச்சு நடந்திராது.

முன்பு இவ்வழி நடந்தவர்கள்

மலைநாட்டுக்குக் குடும்பமாக, வழிகாட்டி ஒருவரின் பின்னால், காட்டுவழியே நடந்து போன தமிழர்கள் எமக்கு முன்னரும் இருந்தார்கள். கண்டி மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கின. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் கடனாலும் நொந்திருந்தவர்களைக் கங்காணிகள் திரட்டி, தோணியில் மன்னார்க் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. குடிக்கத் தண்ணீர் இல்லாத வறண்ட காடு. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. இறந்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

அன்று அவர்களுக்கு வழிகாட்டியவர் கங்காணி. வழிச்செலவு முழுவதையும் அவர்கள் பெயரிற் கடனாக எழுதி வைத்தவரும் அவரே. அந்தக் கடன் அடையாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி, கடன் தொகை எழுதிய துண்டு அவர்களைக் கட்டிப்போட்டது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று நாம் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து நடக்கின்றோம். அன்று அவர்கள் வழிகாட்டிக்குக் கடன்பட்டு நடந்தார்கள். நாம் இன்று அழகு பார்க்கப் போகும் மலைச்சரிவுகளிற் பலவற்றில் காடு வெட்டிக் கோப்பி நட்டவர்கள் அவர்களே. 1869இற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர், தேயிலையை நட்டவர்களும் அவர்களே.

அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, மாண்புமிகு மலையக மக்கள் என்ற பெயரில் ஒரு நடைபயணம் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுபெற்றது. மதகுருமாரும் ஆசிரியர்களும் தோட்டத் தொழிலாளரும் இளைஞர்களும் அதில் நடந்தார்கள். வழியில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்மக்கள் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். காணி, வீடு, வாழ்வதற்குப் போதிய ஊதியம், சம உரிமை என்பவற்றை அவர்கள் கேட்டு நடந்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களிற் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துப் பங்கிட்டது. கேட்கப்படாமலே பங்கிடப்பட்ட மக்கள் கேட்பதற்காக நடந்தார்கள் என்பதே அந்த நடையின் பெருமை.

வன்னியில் எமது அயலவர்கள்

இது அனலைதீவு மக்களுக்கு என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். வன்னியில் வாழ்ந்த எம்மவர்களுக்கு விடை தெரியும். 1958இலும், அதைவிடப் பெருமளவில் 1977இலும் நடந்த வன்செயல்களால் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து குடியேறின. காந்தியம் அமைப்பின் டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் அவர்களைக் குடியேற்றுவதற்காக உழைத்தார்கள். அதற்காகவே சிறைக்கும் போனார்கள். டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார்.

தீவகத்தார் வன்னிக்கு வந்தபோது அடுத்த காணியிலிருந்து மண்வெட்டி இரவல் கொடுத்தவர்கள் அந்த மக்கள். பின்னர் எம்மோடு சேர்ந்து நடந்தவர்களும், எம்மோடு முட்கம்பிக்குள் இருந்தவர்களும் அவர்களே. ஆனால் திரும்பிக் குடியேறியபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. எமக்குத் தீவகத்தில் பற்றை மண்டிய காணியானாலும் உறுதி இருந்தது. அவர்களிற் பலருக்கு வன்னியிலும் அனுமதிப்பத்திரம் இல்லை; போய்ச் சேர மலையிலும் காணி இல்லை. வாய்க்கால் தண்ணீர் எட்டாத காட்டோரத்திற் குடியிருந்து, மற்றவர் வயலிற் கூலிக்குப் போகின்றவர்கள் அவர்களுள் இன்னும் பலர். வடபகுதிச் சமூகம் அவர்களை "தோட்டக்காட்டார்" என்று அழைத்த சொல்லும் முற்றாக ஒழியவில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இந்தக் கேள்வியை மேலும் கடுமையாக்கியுள்ளது. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளும் லயன்களும் புதையுண்டன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரிவுக்குக் கீழே மீண்டும் குடியிருக்க அஞ்சும் குடும்பங்கள் வடக்கே வரட்டும் என்று சொல்வோர் உண்டு. வரவேற்பது நல்லதே. ஆனால் வருபவர்கள் உறுதியுள்ள காணிக்காரராக வருகின்றார்களா, அல்லது எமது தோட்டத்துக்கு ஆள் இல்லாத குறையைத் தீர்க்கும் கூலியாட்களாக வருகின்றார்களா என்பதை முதலிற் கேட்க வேண்டும். மலையிலேயே இருக்க விரும்புவோருக்கு அங்கேயே பாதுகாப்பான காணி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மண்ணில் நடந்து, அவர்களுடைய வீட்டிற் சாப்பிட்டு, 2015இன் பின் கட்டப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்த ஏழு பேர்ச் காணியின் அளவைக் கண்ணாற் பார்த்தவர்கள்தான் இதைச் சரியாகக் கேட்பார்கள். இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் மலைவழி நடக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

எப்படிப் போவது?

போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்:

ஐந்து குடும்பங்களுக்கு மேல் ஒரு கூட்டமாகப் போக வேண்டாம். ஒரு வழிகாட்டியால் இருபது பேருக்கு மேற் கவனிக்க முடியாது.

சூறாவளியின் பின்னர் பல மலைப்பாதைகளின் நிலை மாறியிருக்கின்றது. திகதி குறிப்பதற்கு முன் வனத் திணைக்களத்திடமும் அந்த ஊராரிடமும் பாதை திறந்திருக்கின்றதா என்று கேட்டறிய வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில், வான் வாடகை கொடுத்தாகிவிட்டது என்பதற்காகப் போகக் கூடாது.

நக்கிள்ஸ் கடினமானது. ஏற இயலாதவர்களும் சிறு குழந்தை உள்ளவர்களும் தேயிலைத் தோட்டங்களினூடாகச் செல்லும் பீக்கோ நடைபாதையில் ஒன்றிரண்டு கட்டங்களை நடக்கலாம். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் அது நீள்கின்றது. ஒரு கட்டத்தை ஒரு நாளில் நடக்கலாம்.

வழிகாட்டியின் கூலியை இடைத்தரகர் இல்லாமல் அவர் கையிலேயே கொடுங்கள். பெரிய விடுதியைத் தவிர்த்து, ஊர்வீட்டிலோ தோட்டத்துக் குடும்பத்திலோ தங்கி, சாப்பாட்டுக்குரிய பணத்தை வீட்டுப் பெண்களிடம் கொடுங்கள்.

லயன் வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். நலன்புரி நிலையத்தில் நாம் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது படம் எடுக்க வந்தவர்களைப் பற்றி நாம் என்ன நினைத்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசி நாளை நடைக்கு வைக்காமல் பேச்சுக்கு வையுங்கள். தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய குடும்பம் எவ்வழி வந்தது என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் கேட்டபோது ஒரு பாட்டி சொன்ன பதில் இது: "எங்க தாத்தா நடந்து வந்தாரு, எங்க அண்ணன் வவுனியாவுக்கு ஓடிப் போனாரு, நான் எங்கயும் போகல, ஆனா எனக்கும் சொந்தமா ஒரு அடி மண்ணு இல்ல."

ஒரு வழிப் பயணமாக இது முடிந்துவிடக் கூடாது. கடலையே காணாத மலையகப் பிள்ளைகள் ஏராளம். எம்மை வீட்டிற் தங்கவைத்த குடும்பங்களை ஊர்காவற்றுறையிலிருந்து படகேற்றி அனலைதீவுக்குக் கூட்டி வருவோம். ஐயனார் கோயிலடியிலிருந்து கரையோரமாக, பனங்கூடல்களுக்குள்ளால், பாழடைந்த வீடுகளையும் தூர்ந்த கிணறுகளையும் கடந்து நாமே அவர்களுக்கு வழிகாட்டியாக நடப்போம். எங்கள் வீட்டிற் சாப்பிடட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பையும் குடித்துப் பார்க்கட்டும்.

அதற்கு முன் ஒன்று செய்யலாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வாழும் எம்மவர்கள், மலைநாடு போகும் அடுத்த வானில் அயற்காணி மலையகக் குடும்பம் ஒன்றுக்கும் இரண்டு இருக்கை ஒதுக்குங்கள். தாய் தகப்பன் விட்டு வந்த தோட்டத்தை அவர்களிற் பலர் இன்னும் கண்டதில்லை. திரும்பி வந்த பின், அவர்களுடைய காணி அனுமதிப்பத்திர விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் எந்த நிலையில் இருக்கின்றது என்பதைக் கூடப் போய் விசாரியுங்கள். அடுத்த விடுமுறைக்கு இன்னும் காலம் இருக்கின்றது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கின்றோம்.